உட்கார்ந்து பார்க்கிற வேலை

எங்கள் வீட்டில் புதுச் செருப்பு வாங்கினால் யாருக்கும் சந்தோஷம் வராது. அதைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாலே எனக்கு உள்ளங்காலில் கொப்புளம் வந்துவிடும். வெயில் காலத்தில் பழைய செருப்பிலும் வரும். சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி தோல் மேலே எழும்பி, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஊசியைத் தீயில் காட்டி ஓரத்தில் குத்தி நீரை வடிக்க வேண்டும். மேல்தோலை உரிக்கக் கூடாது. உரித்துவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே தவழ வேண்டியதுதான்.

கையிலும் வரும். மண்வெட்டி, கடப்பாரை, சுத்தியல், எதைப் பிடித்து அழுத்தினாலும் உள்ளங்கையில் எழும்பும். வேறெங்கும் கிடையாது. முகம், முதுகு, வயிறு எல்லாம் மற்றவர்களைப் போலத்தான் இருக்கும். சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் என்னிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பாகவும் இருந்தது.

அப்பாவுக்கும் இது இருந்தது. உத்தனப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் அவர் கூலி வேலை செய்தார். குளிர் மாசங்களில் எல்லாரோடும் வேலைக்குப் போவார். பங்குனி பிறந்துவிட்டால் போக மாட்டார். ஊர் அவரைச் சோம்பேறி என்றது. அவர் இல்லை என்று சொன்னதில்லை. காலைக் காட்டினால் என்னவோ ஏதோ என்று நாலு பேர் தள்ளி நிற்பார்கள், சோம்பேறி என்றால் திட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அவர் எதுவும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க உத்தனப்பள்ளி வரைக்கும் நடக்க வேண்டும். கொஞ்ச நாள் நடந்து பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஏன் நின்றுவிட்டாய் என்று அப்பா கேட்கவில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சின்ன வயசிலேயே மூட்டை ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்தேன். வண்டிகளுக்கு ரப்பர் வளையங்கள் செய்கிற கம்பெனி. மூட்டை வேலை எனக்கு ஆகவில்லை என்று பார்த்த ஒரு மேஸ்திரி, என்னை வளையம் பார்க்கிற பகுதிக்கு மாற்றினார். டியூப் லைட்டுக்குக் கீழே நீளமான மேசை. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வளையத்தையும் விரலில் சுற்றிப் பார்க்க வேண்டும். வெடிப்பு, பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டி, இல்லாவிட்டால் பச்சைத் தொட்டி. அந்த மேசையில் எல்லாரும் பெண்கள். ஆண் பிள்ளைகள் யாரும் அங்கே உட்காரச் சம்மதிக்க மாட்டார்கள். "பொம்பளை சீட்டு" என்று கேண்டீனில் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. அது இருக்கிற வரைக்கும் வேறு எதையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

என் பக்கத்து நாற்காலியில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா. சூளகிரி பக்கம். நான் பேச மாட்டேன் என்பதால் என் பங்கையும் சேர்த்து அவரே பேசுவார். அதே நாற்காலியில் இருந்துதான் நான் பர்மனென்ட் ஆனேன், கல்யாணம் செய்துகொண்டேன், பெண் பெற்றேன்.

மனைவிக்கு ஊர் காவேரிப்பட்டினம். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அப்பா அவளிடம் என் காலைப் பற்றிச் சொல்லிவிட்டார். அவர் வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு முறைதான். "தேஞ்சு போற காலா, இருக்கிற காலா?" என்று அவள் கேட்டாளாம். "இருக்கிற காலுதான் தாயீ" என்றாராம். சரி என்றுவிட்டாள்.

எங்கள் மகள் நடக்கத் தொடங்கி, கொலுசு போட்ட கொஞ்ச நாளில், அவள் பாதத்தின் ஓரத்தில் முதல் கொப்புளம் எழும்பியது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஊசி டப்பா தனியாக உண்டு. மகள் பெரியவள் ஆன பிறகு, அவள் ஒரு மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்து தன் காலைப் பார்ப்பாள், நான் இன்னொரு மூலையில் என் காலைப் பார்ப்பேன். டப்பா நடுவில் இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவள் என் கம்பெனிக்கே டிரெயினியாக வந்தாள். பர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகளுக்கு முதலில் இடம் கொடுப்பார்கள். ஓசூரில் இப்போது அப்படி வேலை கிடைப்பது லேசு இல்லை. எங்கே பார்த்தாலும் கான்ட்ராக்ட்தான். அவளுக்குக் கொடுத்தது அசெம்பிளி லைன். அங்கே முதலில் இருந்தே நாற்காலி கிடையாது, ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவள் சாக்ஸைத் தையல் வெளியே வருகிற மாதிரி திருப்பி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு, பவுடர் தூவி, சேஃப்டி ஷூவை மாட்டிவிட்டாள். சேர்க்கும்போது கண்ணையும் ரத்தத்தையும் பார்த்தார்களே தவிர காலை யாரும் பார்க்கவில்லை.

போன வருஷம் வெயில் தொடங்குகிற நேரத்தில் எங்கள் பகுதிக்குப் புனேவில் இருந்து ஒருவர் வந்தார். கையில் டேப் வைத்துக்கொண்டு தரையெல்லாம் அளந்தார். மஞ்சள் கோடு போட்டார்கள். மேசைகளின் காலை உயர்த்தினார்கள். ஒரு காலையில் வந்து பார்த்தால் நாற்காலிகள் இல்லை. கேண்டீனுக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்து வைத்திருந்தார்கள், ஸ்கிராப் லாரிக்கு. உட்கார்ந்தால் ஆளுக்குத் தூக்கம் வருகிறதாம், நின்றால் உற்பத்தி ஏறுமாம். இனி கம்பெனி முழுக்க நின்று செய்கிற வேலைதான் என்றார்கள்.

பக்கத்து அம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "தாலி கட்டும்போதுகூட என்னை உட்கார வெச்சுத்தான் கட்டுனாங்க. இவனுங்க நிக்க வெச்சுட்டானுங்களே" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் எனக்கு இரண்டு பாதங்களிலும் நீர் கோத்துவிட்டது. ஒரு பெரிய தவறு செய்தேன். ஷூ இறுக்கம்தான் காரணம் என்று அளவு பெரிய ஷூ வாங்கி உள்ளே துணி வைத்தேன். துணி உள்ளே நகர்ந்து நகர்ந்து தேய்த்து, குதிகால் தோல் முழுவதும் கழன்றுவிட்டது. லைன் லீடர் திருநெல்வேலிப் பையன், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவன். "என்ன அண்ணாச்சி, நொண்டுதிய? ஷூ கடிக்கோ?" என்றான். ஆமாம் என்றேன். சாக்ஸில் ரத்தம் ஊறி ஷூவுக்கு வெளியே தெரிந்ததைப் பார்த்துவிட்டு அவனே கையைப் பிடித்து மெடிக்கல் ரூமுக்குக் கூட்டிப்போனான்.

கம்பெனிக்கு வாரத்தில் ஒரு நாள் பெங்களூரில் இருந்து ஒரு டாக்டர் அம்மா வருவார். கன்னடம் பேசுகிறவர், தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். அன்றைக்கு அவர் வருகிற நாள். "ஏனாயித்து, என்ன ஆச்சு?" என்று கேட்டபடி குனிந்தவர், சாக்ஸைக் கழற்றிப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"சின்ன வயசுலயே உண்டா?"

"உண்டுங்க."

"அப்பா? அம்மா?"

"அப்பாவுக்குங்க."

ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். நீளமான பெயர். என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். தோலின் மேல் அடுக்கைக் கீழ் அடுக்கோடு பிடித்து வைக்கிற ஒன்று எங்களுக்குப் பிறவியிலேயே பலமாக இல்லை. தேய்த்தால் பிரிந்துவிடும், சூட்டில் இன்னும் சீக்கிரம் பிரியும். சிலருக்கு உடம்பு முழுக்க வரும், எங்களுக்குக் கை காலோடு நின்றிருக்கிறது. தொற்றாது. மருந்தால் போகாது. நிற்காமல் உட்கார்ந்து செய்தால் சமாளிக்கலாம்.

"சூட்டு உடம்புன்னு மாம்பழம் சாப்பிட மாட்டோங்க" என்றேன்.

"மாம்பழத்துக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல" என்றார்.

என் மனைவியின் ஊரில் இருந்து வருஷா வருஷம் கூடை கூடையாக வரும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு நானும் மகளும் வாசனை பிடித்துக்கொண்டு இருப்போம். அப்பாவும் அப்படித்தான் இருந்து போய்ச் சேர்ந்தார். கிருஷ்ணகிரி ஜில்லாவில் பிறந்து மாம்பழம் தின்னாமல் செத்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "உங்களுக்குச் சேர் கொடுக்கச் சொல்லி எழுதறேன். கால் புண்ணுன்னு எழுதினா ரெண்டு வாரம் லீவ் கொடுத்துட்டு மறுபடி நிக்க வெப்பாங்க. பரம்பரையா வர்றது, ஆயுசுக்கும் இருக்கும்னு எழுதினாத்தான் சேர் கிடைக்கும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "பிள்ளைங்களுக்கு இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே அசெம்பிளி லைன் சத்தம் கேட்டது. என் மகள் அதே கம்பெனியில் இருப்பது எச்.ஆரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு இன்னும் பர்மனென்ட் ஆர்டர் வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஒரு டிரெயினிப் பையனைக் கை நடுக்கம் இருக்கிறது என்று கடைசி மாசத்தில் அனுப்பிவிட்டார்கள். என் தாளில் பரம்பரை என்ற சொல் ஏறினால், அடுத்து அவள் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள்.

"கேட்டுட்டு வந்து சொல்றங்க" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க சொல்லாம நான் யார்கிட்டயும் பேச மாட்டேன். கட்டுப் போட்டுட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் ஒரு சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"எனக்கு ஆர்டர் எப்போ வரும்னு தெரியுமாப்பா?"

"ஆடிக்கு முன்னாடின்னு சொல்றாங்க."

"அதுவரைக்கும் எழுத வேணாம்ப்பா." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆர்டர் கைக்கு வந்துட்டா அப்புறம் வெளிய அனுப்ப முடியாது. அப்புறம் என்ன வேணா எழுதிக்கட்டும். அதுவரைக்கும் நீ..."

"நிக்கறன்" என்றேன்.

மாடிப்படியில் மனைவி வந்து நின்றிருந்தாள். "தோலுதான் மெல்லிசுன்னு நெனச்சேன். அப்பனுக்கும் மகளுக்கும் வாயும் இல்ல" என்றாள். "இவ நின்னு சாகட்டும், நீங்களும் நின்னு சாவுங்க. நான் ஒருத்தி உட்கார்ந்து அழறேன்." மடித்த துணியை வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

சித்திரை, வைகாசி. ஓசூர் குளிர்ந்த ஊர் என்பதெல்லாம் பழைய பேச்சு. தகரக் கூரைக்குக் கீழே ரப்பர் வேகிற சூடு வேறு. நான் வலது காலில் நின்று, இடது காலில் நின்று, மேசை ஓரத்தில் இடுப்பைக் கொடுத்து நின்று பார்த்தேன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் உட்காருவேன். அடிக்கடி போனதால் பக்கத்து அம்மா முடிவு கட்டிவிட்டார்.

"அண்ணா, உனக்குச் சுகர். எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். அடிக்கடி ஒண்ணுக்குப் போவாரு, கால்ல புண்ணு ஆறாது. மறைக்காத."

நான் மறுக்கவில்லை. சுகர் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, யாரும் தள்ளி நிற்க மாட்டார்கள், மகளின் காலைத் தேடிப் போக மாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டேன். மறுநாளில் இருந்து எனக்குச் சர்க்கரை இல்லாத டீ வந்தது. அந்த அம்மா தினமும் பாகற்காயை அரைத்து ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நிற்பார். யாரோ ஒருவர் வீட்டில் குழந்தை பிறந்து லட்டு கொடுத்தபோது தட்டு என்னைத் தாண்டிப் போனது. "அண்ணாவுக்குக் கொடுக்காதீங்கடி, கொன்னுடாதீங்க" என்று அவர் கத்தினார். அசெம்பிளி லைனில் என் மகளுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. "உங்கப்பாவுக்குச் சுகராமே" என்று கேட்டவர்களிடம் அவளும் ஆமாம் என்றிருக்கிறாள்.

டாக்டர் அம்மா மறுபடி ஒரு முறை கட்டு மாற்றும்போது கேட்டார். "கேட்டீங்களா?"

"கேட்டங்க."

"என்ன சொன்னாங்க?"

"பொறுக்கச் சொன்னாங்க."

அவர் கட்டுப் போட்டு முடித்த பிறகும் என் பாதத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பெற்ற அம்மாவுக்கும் மனைவிக்கும் அப்புறம் என் காலைத் தொட்டவர் அவர்தான்.

வைகாசிக் கடைசியில் குதிகால் புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் போல வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்றைக்கு எச்.ஆர் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். என்னை உட்காரச் சொன்னார். கம்பெனிக்குள் அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"சுகர்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசெம்பிளி லைன் தெரிந்தது. நீலச் சட்டைகளில் எது அவள் என்று எனக்குத் தெரியும். உடம்பு பாரத்தை வலது குதிகாலில் போடாமல் நிற்பாள்.

"ஆமாங்க சார்."

"அப்போ ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. ரிப்போர்ட் இருந்தா மேலே பேசி ஸ்டோர்ல லைட் வேலைக்கு மாத்தலாம்."

ரத்தம் எடுத்தார்கள். எனக்குச் சுகர் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. பாகற்காய்ச் சாறு வேறு குடித்திருக்கிறேனே. இந்த வயசில் இவ்வளவு சுத்தமான ரத்தமா என்று எடுத்த பெண்ணே பாராட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வேலை செய்யச் சோம்பல்பட்டு வியாதி இருப்பதாகச் சொன்ன ஆள் என்று ஆகிவிட்டேன். லைன் லீடர் பையன் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தினான். பக்கத்து அம்மா கேட்டதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அவர் திட்டவில்லை. "என்னைக்கூடவா அண்ணா ஏமாத்துன?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பாட்டில் வரவில்லை.

எச்.ஆர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. "நிக்கணும், இல்லேன்னா வி.ஆர்.எஸ் எழுதிக் கொடுத்துட்டு மரியாதையாப் போயிடணும். வேற ஏதாவது காரணம் இருந்தா இப்போ சொல்லுங்க. இருக்கா?"

சொல்வதற்கு என்னிடம் ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்னால் எனக்கு நாற்காலி. இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சோம்பேறி என்று அப்பாவைச் சொன்ன ஊரைவிட்டு நாற்பது கிலோமீட்டர்கூட நான் தாண்டவில்லை.

மகளிடம் நான் சொல்லவில்லை. லைனில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வாளியில் ஊறிக்கொண்டிருந்த என் சாக்ஸை எடுத்துத் துவைத்தாள். அதை இனிமேல் நான் போடப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ரத்தக் கறை போகிற வரைக்கும் கையாலேயே கசக்கினாள். அவள் கையில் கொப்புளம் வருமே என்று மனைவி பிடுங்கப் போனாள். விடவில்லை.

இப்போது நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நிறுத்துகிற இடத்தில் டோக்கன் கொடுக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலைதான். காலையில் கம்பெனி பஸ்கள் அந்த வழியாகத்தான் போகும். பழைய கம்பெனி ஆட்கள் சிலர் அங்கே வண்டி விடுகிறார்கள். டோக்கனை வாங்கிக்கொண்டு என்னைத் தெரியாத மாதிரி போவார்கள்.

ஆடி பிறப்பதற்கு முன்பே மகளுக்கு ஆர்டர் வந்துவிட்டது. கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் அவளே படித்துச் சொன்னாள். மனைவி கேசரி கிளறப் போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"இப்போ அந்த டாக்டர் அம்மாகிட்ட எழுதி வாங்கிக்கலாமில்ல?" என்றேன்.

"வாங்கி?"

"சேர் கேக்கலாம்."

"உன்னைப் பொய் சொன்ன ஆளுன்னு அனுப்பினாங்கப்பா. இப்போ நான் போய் எங்கப்பாவுக்கும் இதுதான் இருந்துச்சுன்னு நின்னா, அப்போ ஏன் சொல்லலன்னு கேட்பாங்க. நானும் மறைச்சுத்தானே சேர்ந்தேன். அதையே காரணம் காட்டி என்னையும் அனுப்பிடுவாங்க." அவள் ஷூவைக் கழற்றினாள். முதல் முறையாக முதுகைத் திருப்பிக்கொள்ளாமல் என் எதிரிலேயே சாக்ஸை உருவினாள். இரண்டாவது சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் தொட்டு நனைத்து மெதுவாகப் பிரித்தாள்.

"அப்பா, ரொம்ப வலிச்சா எப்படி நிப்ப நீ? எந்தக் கால்ல பாரம் போடுவ?"

யோசித்துப் பார்த்தேன். "எனக்குத் தெரியல சாமி" என்றேன். "நான் அத்தனை வருஷமும் உட்கார்ந்துதானே இருந்தன்."

அவள் தலையாட்டினாள். ஊசி டப்பாவைத் திறந்து காலைப் பார்க்கத் தொடங்கினாள். ஆர்டர் என் மடியில் இருந்தது. ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் அந்த வேலை அவளுக்கு உண்டு என்று அதில் போட்டிருக்கிறதாம்.